ஆகாதது கையல்ல

வெட்கத்துக்குப் பயந்து நீங்கள் விழுங்கிவிட்ட ஒரு வாக்கியத்தால் யாருடைய கூரையாவது எரிந்திருக்கிறதா?

இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். மலாவியில் மிசிஞ்சிப் பக்கம் கலோலோ என்ற ஊரில் இருக்கும் கொத்தனார் ஜைலோசியைச் சில வருஷங்களுக்கு முன் கேட்டிருந்தால் அவனும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது. நூல் பிடித்தாற்போல் சுவர் எழுப்புவான். யாரையும் ஏமாற்றியதில்லை, யார்மீதும் கை ஓங்கியதில்லை. மனைவி டோரோஃபேயின் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை. பெண் குழந்தைகள்தான், மூத்தவள் எலுபே. அதில் கேவலம் எதுவும் இல்லை. கலோலோவில் கல்யாணமான ஆண்கள் எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். நிலம் பெண்களுடையது, வீடு பெண்களுடையது. ஆணுக்கென்று இருப்பது சைக்கிளும் பெயரும். சைக்கிளைக்கூட இரவல் கொடுப்பார்கள். பெயரில் ஒரு கீறல் விழப் பொறுக்கமாட்டார்கள்.

ஜைலோசியின் பெயர் நிலக்கடலையால் வந்தது. டோரோஃபேயின் காட்டில் அவன் போட்ட கடலை அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளையாத மாதிரி விளைந்தது. சுவர் கட்டும்போதும் சட்டைப்பையில் ஒரு பிடி வறுத்த கடலை இருக்கும்; ஒரு வரிசை செங்கல்லுக்கு ஒரு வாய். கடலைக்காட்டைக் கிளறித் தின்னும் பறவையின் பெயரையே ஊர் அவனுக்கு வைத்துவிட்டது. கௌதாரி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான்.

அந்தக் கடலைதான் ஒரு மே மாதக் காலையில் அவனைக் கீழே தள்ளியது. பத்து மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தான். புதுக்கடலை, அவன் காட்டுக் கடலை. இரண்டாவது வாயிலேயே நாக்கு அரித்தது. கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. உதடு தக்காளிபோல் வீங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. கூட வேலை செய்தவர்கள் சைக்கிளில் அள்ளிப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கே இருந்த டெம்வானி என்ற இளம் மருத்துவ அலுவலர் தொடையில் ஊசியைக் குத்தினாள். கால்மணி நேரத்தில் மூச்சு திரும்பியது.

"கடலை இனிமே உங்களுக்குக் கிடையாது" என்றாள் அவள். "பொடி கூடாது, எண்ணெய் கூடாது, கடலை கிண்டின அகப்பைகூட உங்க சட்டியில படக்கூடாது."

"என்னம்மா சொல்றீங்க? பல்லு முளைச்ச நாள்ல இருந்து தின்னுக்கிட்டிருக்கேன்."

"நாப்பது வருஷம் ஒத்துக்கிட்ட உடம்பு ஒருநாள் மாட்டேன்னு சொல்லிடும். ஏன்னு எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்களுக்கும் சரியாத் தெரியாது. மறுபடி தின்னா இதைவிட மோசமா வரலாம்கிறது மட்டும் தெரியும். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

தெரியாது என்று சொல்வதற்குப் படிப்பு வேண்டும். எல்லாம் தெரியும் என்று சொல்ல ஒரு சிவப்புத் துணியும் நாலு சோழியும் போதும். இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனை வீடுகள் எரிந்தன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் சின்ன மருத்துவப் புத்தகத்தில் டெம்வானி இதைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தாள். ஜைலோசி வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம் அதை ஒளித்துவைத்ததுதான். தான் கட்டிய வீட்டின் பின்சுவரில் ஒரு செங்கல்லை அசைவாக விட்டுவைத்திருந்தான். அதை உருவி, புத்தகத்தை உள்ளே தள்ளி, மறுபடி மூடினான்.

ஏன் என்று கேட்பீர்கள். பால் மறந்த குழந்தைக்குக் கஞ்சியில் கலந்து ஊட்டுவது கடலைப் பொடி. அது ஒரு கொத்தனாரைச் சாய்த்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் கௌதாரியின் வாயால்? ஊர் ஒரு வருஷம் சிரிக்கும். அதுகூடப் பரவாயில்லை. பெரிய சிக்கல் அவன் மாமியார்.

மாமியார் பெயர் நாம்வாலே. அறுபது வயது, கணவன் இல்லை, இரண்டு மகள்கள். ஜைலோசிக்கும் அவளுக்கும் பதினாலு வருஷமாக நேருக்கு நேர் ஒரு பேச்சு நடந்ததில்லை. பகையல்ல, மரியாதை. பாதையில் எதிர்ப்பட்டால் அவள் ஓரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்; இவனும் தலை குனிந்து விலகுவான். மாமியாரும் மருமகனும் அப்படித்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு நடுவில் இருந்த ஒரே பேச்சு மத்தியானம் மாமரத்தடிக்கு வரும் கீரைக் கிண்ணம்தான். அக்கம்பக்கத்து ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது. வெறும் கீரை வீட்டு ஆளுக்கு. கடலைப் பொடி போட்டுக் கெட்டியாகக் கிண்டின கீரை விருந்தாளிக்கும் மருமகனுக்கும். பொடி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மதிப்பு. 'நீ நல்ல மருமகன்' என்பதை நாம்வாலே தினமும் இடித்துச் சலித்துத்தான் சொல்லி அனுப்பினாள்.

அதை வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்தது. டோரோஃபேயின் தாய்மாமன் லசாலோதான் இந்தக் கல்யாணத்துக்குப் பொறுப்பு. அவரிடம் போய் முறைப்படி சொல்ல வேண்டும். ஆனால் மாமியார் சாப்பாட்டைப் பற்றித் தாய்மாமனிடம் வாயெடுத்தால், அது கல்யாணத்தின்மீதே வைக்கும் புகார். ஜைலோசி வாயெடுக்கவில்லை. டோரோஃபேயிடம் வயிற்றுப்புண் என்று மட்டும் சொன்னான்.

டோரோஃபே அதை அம்மாவிடம் சொன்னாள். மருமகன் இளைத்துப்போகிறானே என்று நாம்வாலே மிளகாயைக் குறைத்தாள். கடலைப் பொடியைக் கூட்டினாள்.

இரண்டு மாதம் ஓட்டினான். கூட்டத்தில் உட்கார்ந்து களியைப் பிட்டு உருட்டி, கீரையைத் தொடுவதுபோல் பாவனை செய்து, மற்றவர்கள் வீட்டுப் பயற்றங்குழம்பில் தோய்த்து விழுங்கினான். எல்லார் கண்ணையும் ஏமாற்றலாம், சகலையின் கண்ணை ஏமாற்ற முடியுமா? டோரோஃபேயின் தங்கையைக் கட்டிய பிலியாத்தி ஊரிலேயே பெரிய வாயாடி.

"என்ன சகலை, கௌதாரி கடலையைக் கண்டா ஓடுது? கண்ணி வச்சிருக்காங்கன்னு பயமா?"

"வயிறு சரியில்லடா."

"வயிறா? அத்தை உனக்குன்னு அரைப்படி கடலையை இடிச்சிருக்கு. எனக்கு வர்ற கிண்ணத்துல கீரைதான் மிதக்குது, உன் கிண்ணத்துல அகப்பை நட்டுக்கிட்டு நிக்குது. தின்னு, இல்லன்னா கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜைலோசிக்குக் காது சூடானது. ஒரு வாய் தின்றால் என்ன செத்தா போய்விடுவோம் என்று நினைத்தான். இரண்டு வாய் தின்றான்.

கை கழுவக்கூட எழுந்திருக்க முடியவில்லை. மாமரத்து வேரில் சாய்ந்து குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தான். கண் இமைகள் மூடிக்கொண்டன. தொண்டை இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. வாந்தி காப்பாற்றியதா, அதிர்ஷ்டம் காப்பாற்றியதா, தெரியவில்லை. வெயில் சாய்வதற்குள் மூச்சு சீரானது. பிலியாத்தி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கேலி எல்லாம் போய், அவன் முகம் வெளுத்திருந்தது.

"சகலை, என்ன ஆச்சுன்னு சொல்லு. அதே கீரையை நானும் ரெண்டு வாய் அள்ளித் தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் என்ன?"

'எனக்குக் கடலை ஆகாது.' மூன்று சொல். சுற்றிப் பத்துப்பதினைந்து பேர் நின்றார்கள். வாந்தியில் கிடந்த தன்னைப் பார்த்தான். வீங்கிய உதட்டை அசைத்துச் சொன்னான்:

"அத்தை கை எனக்கு ஆகல."

சமையல் பக்குவம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள், யாராவது சிரிப்பார்கள், பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் கிணற்றடியில் அந்த வாக்கியத்துக்கு இறக்கை முளைத்திருந்தது. ஒரே கிண்ணம், இரண்டு மருமகன்கள், ஒருவன் மட்டும் விழுந்தான். அவள் ஆளைத் தேர்ந்தெடுத்து அடிக்கிறாள். அவள் புருஷன் எப்படிச் செத்தான்? போன வாரம் மலேரியாவில் போன குழந்தையை முதல்நாள் தூக்கிக் கொஞ்சியது யார்? நாம்வாலே கடலை புடைக்கும் முறம் ஒன்று வைத்திருந்தாள், விளிம்பில் தோல் வைத்துத் தைத்தது. அந்த முறத்தில் ஏறித்தான் அவள் ஊர் ஊராகப் பறக்கிறாள் என்றார்கள். சொன்னவர்கள் முட்டாள்கள் அல்ல. சைக்கிள் பழுது பார்ப்பவர்கள், தேவாலயத்தில் பாடுபவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்கள். பயத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் கைவசம் இருக்கிற புத்தி முழுவதையும் அந்த முகத்தை வரைவதற்கே செலவழிக்கிறோம். அந்த முகமும் பெரும்பாலும் வயதான, புருஷன் இல்லாத பெண்ணின் முகமாகவே இருக்கிறது. பணக்கார ஆண் எவனும் முறத்தில் பறப்பதில்லை.

ஊர்த்தலைவர் அண்ணன் வீட்டுச் சாவுக்கு எல்லை தாண்டிப் போயிருந்த நேரம். ஊரே ஒரு மந்திரவாதியை வரவழைத்தது. நாம்வாலே வந்து நின்றாள். கூடவே தன் கையால் கிண்டின கீரையைச் சட்டியோடு கொண்டுவந்திருந்தாள். எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, சட்டியை வழித்துத் தின்றாள்.

"பாத்துக்குங்க" என்றாள். "இதுல விஷம் இருந்தா நான் முதல்ல விழணும்."

மந்திரவாதி சிரித்தான். "தன் பாம்பு தன்னைக் கடிக்குமா, அம்மா?"

தின்றாலும் சூனியக்காரி, தின்னாவிட்டாலும் சூனியக்காரி. எந்தப் பதில் வந்தாலும் குற்றவாளி என்று முடியும் கேள்விக்கு விசாரணை என்று பெயர். ஒருவரைச் சூனியக்காரி என்று சொல்வதே குற்றம் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். அது புத்தகத்தில் இருந்தது. கலோலோவில் இருந்தது மந்திரவாதி.

ஜைலோசி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு எறும்பு கடலைத் தோலை இழுத்துக்கொண்டு போனது. அது அந்தக் கல்லைத் தாண்டட்டும், எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தான். எறும்பு தாண்டியது. மந்திரவாதி முடிக்கட்டும் என்று நினைத்தான். முடித்தான். கூட்டம் கலைந்தால் தனியாக லசாலோவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். போகவில்லை.

சனிக்கிழமை காலை, நாம்வாலே தண்ணீருக்குப் போயிருந்தபோது, அவள் கூரை எரிந்தது. தீ வைத்தவர்கள் மூன்று பேர் என்பது ஊருக்குத் தெரியும், பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. முறத்தை வெளியே இழுத்துப் போட்டு மிதித்து ஒடித்திருந்தார்கள். ஜைலோசி வாளியோடு ஓடிவந்து தண்ணீர் ஊற்றினான். கையெல்லாம் கொப்பளித்தது. அப்போது வேலி ஓரத்தில் நின்ற ஒருத்தி சொன்னது அவன் காதில் விழுந்தது:

"தன்னைக் கொல்லப் பாத்தவளுக்கே தண்ணி ஊத்துறான் பாரு. தங்கமான மாப்பிள்ளை."

அந்தப் புகழ்ச்சியை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

நாம்வாலே ஒரு பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி லசாலோ இருக்கும் ஊருக்குப் புறப்பட்டாள். அது லசாலோவின் மனைவியின் ஊர். அங்கே அவள் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளப்போகும் விருந்தாளி. பாதை வளைவில் ஜைலோசி எதிரே வந்தான். அவள் ஓரம் ஒதுங்கி, பானையைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நிலையிலும் மருமகனுக்குக் காட்ட வேண்டிய மரியாதை தவறவில்லை. பூமி பிளந்து விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பான்.

மூன்று வாரம் கழித்து டோரோஃபே பின்சுவருக்கு மண் பூசினாள். ஒரு செங்கல் கையோடு வந்தது. அவள் ஏழாம் வகுப்புவரை படித்தவள். அவன் வேலை முடிந்து வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தாள். மண் காய்ந்த கையில் புத்தகம்.

"எலுபே அப்பா, இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவன் வாங்கவில்லை.

"சரி, நானே படிக்கிறேன். 'நிலக்கடலை ஒவ்வாமை. எந்த வடிவிலும் தரக்கூடாது. உயிருக்கு ஆபத்து.' தேதி மே மாசம். எங்கம்மா வீடு எரிஞ்சது ஆகஸ்ட்டு." அவள் குரல் உயரவில்லை. "மே மாசத்துல இருந்து தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"என்கிட்டகூடச் சொல்லலியே."

"வெக்கமா இருந்துச்சு, டோரோஃபே."

"வெக்கமா? உங்க வெக்கத்துக்கு எங்கம்மா கூரைதான் கிடைச்சுதா விறகு?" புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள். "நாளைக்குத் தலைவர் வர்றாரு. ஒண்ணு, ஊர் முன்னாடி பேசுங்க. இல்ல, சைக்கிளை எடுத்துக்கிட்டு உங்கம்மா ஊருக்குப் போங்க. எம் பொண்ணுங்களுக்கு அப்பா இல்லாட்டியும் பரவாயில்ல, இப்படி ஒரு அப்பா வேண்டாம்."

அன்று சாயங்காலமே அவன் சைக்கிளை எடுத்தான். டோரோஃபே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அவன் போனது சுகாதார நிலையத்துக்கு. டெம்வானியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "சொன்னா நம்புவாங்களா?"

"மாட்டாங்க. அத்தை கை படாத கடலையும் என்னை அடிக்கும்னு கண்ணால காட்டணும். தின்னு காட்டுறேன்."

"தின்னா நான் வரமாட்டேன். தோல்ல தேச்சா போதும், அதுவே காட்டிக்கொடுக்கும். அதுவும் நான் ஊசியோட பக்கத்துல இருந்தாத்தான்."

மறுநாள் கூட்டத்தில் ஜைலோசி எழுந்து நின்றான். தன் காட்டுக் கடலையைத் தோலோடு தலைவர் முன் வைத்தான். இடிப்பதற்குத் தலைவரின் மனைவியைக் கேட்டான். அவள் தன் உரலில் தன் உலக்கையால் இடித்தாள். எட்டு மைலுக்கு அப்பால் இருந்த நாம்வாலேயின் நிழல்கூட அந்தப் பொடியில் விழவில்லை.

"ஒரு ஆள் கூட வேணும்" என்றான் ஜைலோசி. பிலியாத்தி வந்து சட்டைக் கையை மடித்தான். "என் கையிலயும் ஏதாச்சும் வந்துச்சுன்னா என் பொண்டாட்டி உன்னைத்தான் கேப்பா, சகலை" என்றான். யாரும் சிரிக்கவில்லை. டெம்வானி பொடியை நீரில் குழைத்து இருவரின் முன்கையிலும் தேய்த்தாள்.

அந்தக் கால்மணி நேரத்தில்தான் ஜைலோசி பேசினான். மே மாதத்திலிருந்து ஆரம்பித்தான். ஒளித்த புத்தகம், வயிற்றுப்புண் பொய், மாமரத்தடி, எறும்பு, எல்லாவற்றையும். "அத்தை கை ஆகலன்னு சொன்னது நான். கை ஆகும். கடலைதான் ஆகாது. அதைச் சொல்ல எனக்கு ஆம்பளத்தனம் பத்தல." பேசி முடித்தபோது அவன் கையில் கொசுக்கடிபோல் ஆரம்பித்த தடிப்பு ஒன்றோடொன்று சேர்ந்து பட்டையாக எழும்பியிருந்தது. பிலியாத்தியின் கையில் காய்ந்த பொடி மட்டும் இருந்தது.

பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: "அங்க இருந்துக்கிட்டே பண்றா."

தலைவரின் மனைவி உலக்கையோடு எழுந்தாள். "இடிச்சது நானு. அப்ப நான்தான் சூனியக்காரி. எங்க, முன்னாடி வந்து சொல்லு பாப்போம்."

வரவில்லை. கண்ணெதிரே நடந்த சோதனை பாதி வேலையைத்தான் செய்தது; மீதியைத் தலைவரின் மனைவி என்ற பதவி செய்தது. இதை மறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய். அவள் பேச்சைக் கேட்ட ஊர், நாம்வாலே சட்டியை வழித்துத் தின்றபோது ஏன் கேட்கவில்லை?

தலைவர் தீர்ப்புச் சொன்னார்: ஊர் கூடி வீட்டைக் கட்டித் தர வேண்டும். ஜைலோசி யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. செங்கல் அறுத்து, சூளை போட்டு, இரண்டு மாதத்தில் தனியாளாகக் கட்டினான். லசாலோ மூலமாக முறைப்படி மன்னிப்பும் கேட்டனுப்பினான். தன் ஊரிலிருந்து எட்டு மைல் வந்த லசாலோ மாமரத்தடியில் உட்கார்ந்து அக்காவின் பதிலைச் சொன்னார்.

"இவ்வளவுதானா? சொல்லியிருந்தா தனிச் சட்டியில கிண்டியிருப்பேனே. இதான் அக்கா சொன்னது. வேற ஒண்ணும் சொல்லல."

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். ஜைலோசி முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நாம்வாலே திரும்பி வந்தாள். புது வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போதும் மருமகனைக் கண்டால் ஓரம் ஒதுங்குகிறாள். அது மரியாதையா, மனக்கசப்பா என்று அவனுக்குத் தெரியாது. கேட்கும் உரிமை இல்லை என்பது தெரியும். மத்தியானம் மாமரத்தடிக்குத் துணியால் வாய் கட்டிய சின்னச் சட்டி ஒன்று வருகிறது. தக்காளி மட்டும் போட்ட வெறும் கீரை. வேறு யார் கையும் அதில் படாதபடி பிலியாத்தி காவல் இருக்கிறான். புதிதாக வரும் விருந்தாளி யாராவது, "இது என்ன, மருமகனுக்கு வெறும் கீரையா?" என்று கேட்டால் ஜைலோசி களியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குக் கடலை ஆகாது" என்கிறான். அதோடு நிறுத்துவதில்லை. "அதைச் சொல்ல வெக்கப்பட்டு, எங்க அத்தை வீட்டை எரிய விட்டவன் நான்." ஒவ்வொரு முறையும் காது சூடாகிறது. ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் உடம்புக்கு எது ஆகாதோ, அதை இன்றைக்கே, அடுத்த வாய் வைப்பதற்கு முன், உங்கள் வீட்டில் பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். வேறொருவர் அப்படிச் சொன்னால் சிரிக்காமல் தனிச் சட்டி எடுங்கள். உங்கள் தெருவில் எவனாவது ஒரு பெண்ணின் கையையோ கண்ணையோ முறத்தையோ காட்டி விரல் நீட்டினால், எறும்பு கல்லைத் தாண்டட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுந்து நின்று, தெரிந்ததைச் சொல்லுங்கள்.